பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

“அப்புறம் எதுக்குப்பா என்கிட்ட கேட்டீங்க?”

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் என் மகள் கேட்டது இது. அப்போது அவளுக்கு 7 வயது. காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, “இந்த வாரம் ராத்திரிக்கு என்னம்மா சமைக்கலாம்?” என்று பேச்சை ஆரம்பித்ததே நான்தான். அவள் முதலில் சொன்னதை எண்ணெய் அதிகம் என்று தள்ளினேன். இரண்டாவதை நேற்றுத்தான் சாப்பிட்டோம் என்று தள்ளினேன். மூன்றாவதற்கு நேரம் பிடிக்கும் என்றேன். அவள் கோபப்படவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தில் ஏழு நாளும் நானே நிரப்பினேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகளைச் சாப்பாட்டுத் திட்டத்திலும் கடைச் சாமான் வாங்குவதிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சேர்த்துக்கொள்வது என்றால், அவர்கள் எடுத்த முடிவு ஒன்றாவது கடை வரைக்கும் போய், பையில் ஏறி, அடுப்பில் வெந்து, தட்டுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் நாம் மறித்துவிட்டால் அது வெறும் விளையாட்டு வேலை. அது விளையாட்டு வேலை என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பொருள் வருவது, போவது, இருப்பு, காலாவதி என்று நாள் முழுக்க அதே பேச்சு. மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 6. இந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலியை நீங்கள் போடுங்கள், உள்ளே அவர்கள் ஓடட்டும்

“என்ன வேணும்?” என்று திறந்தவெளியாகக் கேட்காதீர்கள். என் தவறு அங்கேதான் இருந்தது. பதில் எதுவானாலும் ஏற்கத் தயாராக இல்லாதபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. “செவ்வாய்க்கிழமை முட்டையா, கொண்டைக்கடலையா?” என்று கேளுங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு இரண்டு பொருள் போதும். ஏழு எட்டு வயதில் நான்கைந்து வரை போகலாம். பத்து வயதுக்கு மேல் விதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடலாம். எங்கள் விதி ஒரே வரிதான்: வயிறு நிறைய ஒன்று, பயறோ முட்டையோ மீனோ இறைச்சியோ ஒன்று, காய் ஒன்று.

இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1926-இல் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார். அப்போதுதான் பால்குடி மறந்த குழந்தைகள் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகள் கொண்ட பட்டியலிலிருந்து வேளைக்குப் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, எதை வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார். பக்கத்தில் இருந்த தாதி எதையும் ஊட்டக் கூடாது, எதையும் சாப்பிடச் சொல்லவும் கூடாது. குழந்தை கை காட்டினால் மட்டும் உதவலாம். 15 குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். “குழந்தைக்கு எது நல்லதென்று குழந்தைக்கே தெரியும்” என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1939-இல் டேவிஸே விளக்கினார்: சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரை இல்லை, பதப்படுத்திய பண்டம் இல்லை. எதை எடுத்தாலும் நல்ல உணவு. பட்டியல் பெரியவர்களுடையது, தேர்வு குழந்தைகளுடையது.

எலின் சேட்டர் என்ற உணவியல் நிபுணர் 1980-களில் இதையே வேறு விதமாகப் பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எனக்கு இது மிகவும் உதவியது. பிள்ளைகளைத் திட்டத்தில் சேர்க்கும்போது நம் பங்கிலிருந்து “என்ன” என்பதில் ஒரு துண்டை அவர்களுக்குக் கொடுக்கிறோம். பதிலுக்கு அவர்கள் பங்கில் நாம் கை வைக்கக் கூடாது. “நீதானே கேட்டே, இப்ப சாப்பிடு” என்று சொன்னால் அந்த ஒப்பந்தம் உடைந்துவிடும். இதைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டும்.

சில விஷயங்களை நான் கேட்பதே இல்லை. மொத்தம் எவ்வளவு செலவு செய்யலாம், ஒவ்வாமை உள்ள பொருள், சாப்பாட்டு நேரம், தினம் காயும் பழமும் உண்டு என்பது. இவை பேச்சுக்கு வராது. அவர்களும் வாதாடுவதில்லை, ஏனென்றால் வாதாட வேறு இடம் இருக்கிறது.

முதலில் இருப்பைப் பாருங்கள்

எல்லோரும் திட்டத்தில் ஆரம்பிக்கிறார்கள், அல்லது கடையில் ஆரம்பிக்கிறார்கள். நான் அலமாரியில் ஆரம்பிக்கச் சொல்வேன். கிடங்கில் இருப்பு எடுக்காமல் ஆர்டர் போட்டால் வேலை போய்விடும். வீட்டில் மட்டும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். சீரகம் மூன்று பாக்கெட் இருக்கும், உப்பு இருக்காது.

சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. என் மகன் மூன்று வயதில் டார்ச்சோடு கீழ் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். உள்ளே வெளிச்சம் அடித்துப் பின்னால் ஒளிந்திருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைப்பது அவன் வேலை. வெங்காயத்தை எண்ணுவான். ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாதபோது “ஐந்து, இன்னும் ஐந்து” என்று சொல்வான். அக்கா தேதி வாசிப்பாள். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பொறுப்பு.

தேதி வாசிக்கும்போது ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். பாக்கெட்டில் இரண்டு வகைத் தேதி இருக்கும். “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்பது பாதுகாப்பைப் பற்றியது. தாண்டினால் சாப்பிடக் கூடாது. “இந்தத் தேதிக்கு முன் சிறந்தது” என்பது தரத்தைப் பற்றியது. தாண்டினால் மொறுமொறுப்போ மணமோ குறையலாம், அந்த நாளிலேயே கெட்டுப்போகாது. இது தெரியாமல் எவ்வளவோ நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் சராசரியாக ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ உணவு வீடுகளிலிருந்து மட்டும் வீணாகிறது. மகளிடம் இந்த எண்ணைச் சொன்னபோது, தன் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அதன் பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு சின்னக் கூடையை வைத்து “முதலில் என்னைச் சாப்பிடு” என்று எழுதி ஒட்டியது அவள்தான். வாடத் தொடங்கிய காய், பாதி நறுக்கிய பழம், நேற்றைய மீதி எல்லாம் அதில் போகும். வாரத் திட்டம் அந்தக் கூடையிலிருந்துதான் தொடங்கும்.

கிடங்கிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் சிவப்புக் கோடு. எந்தப் பொருளுக்கும் ஒரு மட்டம் உண்டு. இருப்பு அதற்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இருக்கிற டப்பாக்கள் கண்ணாடியோ, வெளியே தெரிகிற பிளாஸ்டிக்கோதான். ஒவ்வொன்றிலும் ஒரு வாரத்துக்குத் தேவையான அளவு எங்கே வருமோ அங்கே சிவப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினோம். பொருள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பட்டியலில் ஏற வேண்டும். எழுதத் தெரியாத வயதில் மகன் அந்தப் பொருளின் படத்தை வரைவான். அரிசிக்கு நிறையப் புள்ளிகள், எண்ணெய்க்கு ஒரு சொட்டு. பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். நம் உயரத்தில் ஒட்டினால் அது நம் பட்டியல்தான்.

வாரத்துக்கு ஐந்து ராத்திரி போதும்

21 வேளையையும் திட்டமிடாதீர்கள். நான் முதல் மாதம் அதைத்தான் முயன்றேன். வரைபடத்தாள் மாதிரி கட்டம் போட்டு, மூன்று வேளை, ஏழு நாள். இரண்டாவது வாரமே பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இப்போது ஐந்து ராத்திரிச் சாப்பாடு மட்டும். ஒரு ராத்திரி மீதிகளுக்கு, ஒரு ராத்திரி எப்படி வருகிறதோ அப்படி. இருபது நிமிடத்தில் முடிகிறது. அதற்கு மேல் சிறு பிள்ளைகளால் உட்கார முடியாது.

அட்டைகள் வைத்திருக்கிறோம். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் படம், பின்பக்கம் தேவையான பொருட்களும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும். படங்களை மகள் வரைந்தாள். சனிக்கிழமை அட்டைகளைத் தரையில் பரப்புவோம். முதலில் அந்த வாரம் யாருக்கு எந்த மாலை வேலை என்று பார்ப்போம். மனைவிக்கு வீட்டுக்கு வர நேரமாகும் நாளில் 20 நிமிட அட்டை மட்டும்தான் போடலாம். பிறகு ஆளுக்கு ஒரு நாள் சொந்தம். அந்த நாளுக்கு அவர்கள் வைத்த அட்டையை வேறு யாரும் மாற்ற முடியாது. மிச்ச நாட்களுக்குப் பேசி முடிவு செய்வோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒவ்வொரு ராத்திரியும் மேசையில் இருக்கும் ஏதாவது ஒன்று, எல்லோரும் நிச்சயம் சாப்பிடும் பொருளாக இருக்க வேண்டும். வெறும் சாதமாகவோ பழமாகவோ இருந்தாலும் சரி. யாரும் பசியோடு எழுந்து போகத் தேவையில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் துணிவார்கள்.

திட்டம் தப்பாகப் போவதை விடுங்கள். மகள் 8 வயதில் தன் நாளுக்கு மூன்று அட்டைகளைச் சேர்த்து வைத்தாள். மூன்றுமே நேரம் பிடிக்கும் வகை. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிட ஒன்பதரை ஆனது. தம்பி பழம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். அடுத்த சனிக்கிழமை அவளே அட்டையின் பின்பக்கங்களில் இருந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தாள். நான் முன்கூட்டியே தடுத்திருந்தால் அவள் அட்டையைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டாள்.

திட்டத்திலிருந்து பட்டியலுக்கு வருவதும் பிள்ளைகளின் வேலைதான். எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு, அலமாரியில் எவ்வளவு இருக்கிறது, மிச்சம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பெருக்கலும் கழித்தலும் தானாக வரும். மகள் ஒரு வாரம் முழுக்க தினமும் எவ்வளவு சாதம் மிஞ்சுகிறது என்று அளந்து குறித்தாள். அரைக் கப் அரிசி குறைத்துப் போட்டாலும் போதும் என்று கண்டுபிடித்தாள். நாங்கள் பல வருடமாக அதே அளவு போட்டுக்கொண்டிருந்தோம். கணக்குப் பாடத்தில் சோர்ந்துபோகிற பிள்ளை இங்கே சோர்வதில்லை.

பட்டியலைக் கடையில் நடக்கும் வரிசையில் எழுதுங்கள். உலர் பொருட்கள் முதலில், பிறகு காய் பழம், கடைசியில் பால், இறைச்சி, உறைந்த பொருட்கள். குளிர்ச்சியில் இருப்பவை வெளியே இருக்கும் நேரம் குறையும், நடையும் மிச்சம்.

கடையில்

கிளம்புவதற்கு முன் மூன்று விஷயம்: வயிறு காலியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்குப் போயிருக்க வேண்டும், தூங்கும் நேரமாக இருக்கக் கூடாது. கூட்டம் குறைந்த வேளையில் போங்கள். முடிந்தால் முதல் சில தடவை ஒரு பிள்ளையோடு மட்டும் போங்கள், பத்தே பொருள் கொண்ட பட்டியலோடு.

விதிகளை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு “இஷ்டப் பொருள்” உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்று, ஒன்றே ஒன்று, அவர்கள் விருப்பம். அது மிட்டாயாக இருந்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். இது வந்த பிறகு “அது வேணும், இது வேணும்” என்ற அழுகை ஏறக்குறைய நின்றுபோனது. கடை முழுக்கச் சுற்றி, எது அந்த ஒன்று என்று எடை போடுவதிலேயே அவர்கள் கவனம் போய்விடுகிறது. கடைகளில் இனிப்பும் பொம்மை போட்ட பாக்கெட்டும் பிள்ளைகளின் கண் மட்டத்தில்தான் அடுக்கியிருக்கும், பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்திலும் இருக்கும். இது தற்செயல் அல்ல என்று மகளிடம் சொன்னேன். முட்டி போட்டு உட்கார்ந்து தம்பியின் கண் உயரத்திலிருந்து பார்த்தாள். “ஆமாம்பா, இங்கேயிருந்து பார்த்தா எல்லாம் மிட்டாய்தான்” என்றாள்.

மகன் 3 வயதில் ஒரு கடையில் தரையில் படுத்துக் கத்தினான். தூக்கம் வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. பாதி நிரம்பிய ட்ராலியை ஓரமாக விட்டு, அங்கே வேலை செய்த பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாயை அடைக்க எதையும் வாங்கித் தரவில்லை, திட்டவும் இல்லை. அன்று சாமான் இல்லை. இருந்ததை வைத்துச் சமைத்தோம். இப்படி நடந்தால் வெளியே வந்துவிடுங்கள், அவ்வளவுதான். அடுத்த முறை அது முடிந்துபோன விஷயம். இன்னொன்று, ட்ராலியின் உள்ளே பிள்ளையை நிற்க விடாதீர்கள், ஓரத்தில் தொங்கவும் விடாதீர்கள். கவிழ்ந்து தலையில் அடிபடுவது உண்மையில் நடக்கிறது.

சின்னவர்களுக்கு எண்ணும் வேலை, தேடும் வேலை. “ஆறு தக்காளி, கெட்டியா இருக்கணும், கண்ணா.” தராசு இருந்தால் முதலில் கையில் ஏந்தி எடையைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு தராசில் வையுங்கள். என் மகன் இப்போது அரைக் கிலோவைப் பெரிய பிழையில்லாமல் கையிலேயே சொல்கிறான். காயைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. உருளைக்கிழங்கில் பச்சை நிறம் ஏறியிருந்தால் வேண்டாம், அதில் நச்சுப்பொருள் கூடியிருக்கலாம். முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். உடைந்தது பெட்டியோடு ஒட்டிக்கொண்டு அசையாது. உப்பிய டப்பாவைத் தொடவே கூடாது.

பெரிய பிள்ளைகளுக்கு விலைக் கணக்கு. சின்ன பாக்கெட் 200 கிராம், பெரியது 500 கிராம் என்று வையுங்கள். 500 என்பது 200-ஐப் போல இரண்டரை மடங்கு. பெரியதன் விலை சின்னதன் விலையைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே இருந்தால்தான் பெரியது லாபம். பல நேரம் அப்படி இருக்காது. மகள் முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது கடையில் சத்தமாகவே சொல்லிவிட்டாள். லாபமாக இருந்தாலும் அடுத்த கேள்வி உண்டு: கெடுவதற்குள் தீர்த்துவிடுவோமா?

லேபிள் வாசிப்பதில் இரண்டே பாடம் போதும். முதலாவது, பொருட்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அதிகம் உள்ளது முதலில். பழச்சாறு என்று பெயர் போட்டிருக்கும், முதல் மூன்றில் சர்க்கரை நிற்கும். இரண்டாவது, சர்க்கரையை ஸ்பூனாக மாற்றுவது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். 100 மில்லிக்கு 10.6 கிராம் என்று போட்ட 330 மில்லி குளிர்பானத்தை எடுத்து மகள் கணக்குப் போட்டாள்: 35 கிராம். வீட்டுக்கு வந்ததும் காலி கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரையைப் போட்டாள். ஐந்தாவது ஸ்பூனில் தம்பி “போதும்கா” என்றான். ஒன்பது வரை போனது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, இப்படிச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம், அதாவது ஆறு ஸ்பூன். நான் அந்தப் பானத்தைத் தடை செய்யவில்லை. அவர்களே இப்போது அரிதாகத்தான் எடுக்கிறார்கள். நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்று பெயர் வைக்காதீர்கள். கெட்டதைச் சாப்பிட்ட பிள்ளை தன்னையே கெட்டவளாக நினைக்கத் தொடங்கலாம். தினமும் சாப்பிடுவது, எப்போதாவது சாப்பிடுவது, இந்தப் பிரிவு போதும்.

பணத்தைக் கையில் கொடுங்கள், நோட்டும் சில்லறையுமாக. நாம் வங்கி அட்டையையும் போனையும் காட்டிப் பணம் கட்டும்போது பிள்ளைகள் கண்ணுக்குப் பணம் போவதே தெரிவதில்லை. 9 வயதிலிருந்து மகளுக்கு ஒரு உறை: அந்த வாரத்துப் பழம் முழுக்க அவள் பொறுப்பு, அதற்கான தொகை உறையில். மிஞ்சினால் அடுத்த வாரத்துக்கு. ஒரு தடவை விலை உயர்ந்த பழம் ஒன்றில் முக்கால் பங்கைப் போட்டுவிட்டாள். வியாழக்கிழமைக்குப் பழம் தீர்ந்துபோனது. நான் இன்னும் வாங்கி வரவில்லை. தம்பி கேட்டபோது அவளே அவனுக்கு விளக்கினாள்.

கையில் காசு குறைந்த மாதங்களில் என்ன செய்வது? எங்களுக்கும் அது வந்திருக்கிறது. பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். “இந்த மாசம் கொஞ்சம் சுருக்கமா இருக்கணும், ரெண்டு வகைப் பழத்துக்குப் பதிலா ஒண்ணு. எதுன்னு நீங்க சொல்லுங்க” என்று சொன்னேன். கவலை நம்முடையது, தேர்வு அவர்களுடையது. இஷ்டப் பொருளை மட்டும் அந்த மாதமும் நிறுத்தவில்லை, அளவைச் சின்னதாக்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பையைப் பிரித்து அடுக்குவதை அவசரத்தில் நாமே செய்துவிடுகிறோம். அதை விட்டுக்கொடுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். எந்தக் கிடங்கிலும் இதுதான் முதல் விதி, 4 வயதுப் பிள்ளைக்கும் புரியும். பச்சை இறைச்சியும் மீனும் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், மூடி. அதன் நீர் வேறு எதிலும் சொட்டக் கூடாது. ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். மகன் எண்ணிக்கொண்டே கழுவுவான். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது, சீக்கிரம் முளைவிடும், அழுகும்.

சமைக்கும்போதும் அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று வயதில் காய் கழுவுவது, கீரை ஆய்வது. ஐந்தில் கலக்குவது, மசிப்பது, அவித்த முட்டையை உரிப்பது. எட்டு ஒன்பதில், பக்கத்தில் நாம் நின்றால், சின்னக் கத்தி. அடுப்பு அதற்கும் பிறகு. பாதாம், முந்திரி மாதிரி முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை போன்றவற்றை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் சமையலறையில் எடுத்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் சிக்கும். சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள 47 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பெற்றோரோடு சேர்ந்து சமைத்த பிள்ளைகள், சமைக்காத பிள்ளைகளைவிட முக்கால் பங்கு அதிகமாகச் சாலட் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட மொத்தக் கலோரியும் ஏறக்குறைய கால் பங்கு கூடியது. சாப்பிடவே அடம்பிடிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது நல்ல செய்தி.

ஆனாலும், தானே தேர்ந்தெடுத்து, தானே வாங்கி, தானே கழுவிய காயைப் பிள்ளை தொடாமல் போகும் நாள் வரும். எங்கள் வீட்டில் அது கத்தரிக்காய். நிறம் அழகாக இருக்கிறது என்று மகன் நான்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தான். தட்டில் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “சின்னப் புள்ளகிட்ட போய்க் கேட்டா இப்படித்தான்டா ஆகும்” என்றார். “நீதானே கேட்டே” என்ற வார்த்தை எனக்கும் வந்தது, விழுங்கினேன். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வாரம் பிள்ளை தனக்கு ஏற்கனவே பிடித்த ஒன்றையே தேர்ந்தெடுக்கும், புதியதைத் தொடாது.

லீயான் பர்ச் என்ற உளவியல் ஆய்வாளர் 1982-இல் 2 வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத உணவுகளைத் திரும்பத் திரும்ப ருசி பார்க்கக் கொடுத்தார். சிலவற்றை இரண்டு தடவை, சிலவற்றை இருபது தடவை. அதிகத் தடவை ருசித்தது எதுவோ அதுவே அதிகம் பிடித்தது. ஆகவே ஒரு தடவை வேண்டாம் என்றதைக் கணக்கில் எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் ருசித்துவிட்டுத் துப்பலாம், அதற்கு ஒரு சின்னத் தட்டு உண்டு. துப்ப அனுமதி இருப்பதால்தான் வாயில் போடுகிறார்கள். கத்தரிக்காய் ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ உள்ளே போனது. யாரும் கைதட்டவில்லை. தட்டினால் மறுபடி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

வயது ஏற ஏற வேலையையும் ஏற்றுங்கள். மகளுக்கு 11 ஆனதும் அட்டைகளில் ஆர்வம் போய்விட்டது. அட்டையைப் பரப்பினால் புத்தகத்தோடு போய்விடுவாள். சின்னக் குழந்தைக்கான வேலையைக் கொடுக்கிறோம் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது புதன்கிழமை ராத்திரி முழுக்க அவளுடையது: திட்டம், பட்டியல், உறை, சமையல். நான் வெங்காயம் நறுக்கும் ஆள் மட்டும். அவள் சொல்லும் அளவில் நறுக்குகிறேன்.

இத்தனையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். நேரமே இல்லாத வீடு என்றால் சிவப்புக் கோடு ஒன்று போதும். ஒரு டப்பா, ஒரு டேப், எட்டும் உயரத்தில் ஒரு காகிதம்.

போன சனிக்கிழமை நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச்சோடு மகன் கத்தினான். “அப்பா, பருப்பு கோட்டுக்குக் கீழே போயிடுச்சு!” படம் வரைவான் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் தடவையாக எழுத்தில் எழுதினான். “பருபு.” அக்கா திருத்தப் போனாள், நான் கண்ணைக் காட்டினேன், நிறுத்திக்கொண்டாள். கடையில் அந்தக் காகிதத்தை அவனே வைத்திருந்தான். பாக்கெட்டை எடுத்து ட்ராலியில் போட்டதும் சுவரோரமாக நின்று, காகிதத்தைச் சுவரில் வைத்து, அந்த வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்தான்.